பிளேயருக்குக் கீழே ஒரு கன்வேயர் பெல்ட்

எங்கள் வீட்டில் தாத்தாவின் ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது. அந்த பிளேயரை விட எனக்கு சுவாரசியமானவை அதன் நான்கு மூலைகளுக்கும் கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் துண்டுகள். கட்டை விரல் தடிமன், வெட்டிய பக்கத்தில் பார்த்தால் உள்ளே இரும்புக் கம்பிகள் வரிசையாகத் தெரியும். சுரங்கத்தில் மண்ணும் நிலக்கரியும் ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட்டின் துண்டுகள். மந்தாரக்குப்பத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் தாத்தா எடைக்கு வாங்கி வந்து, இரண்டு நாள் ரம்பம் போட்டு அறுத்தாராம்.

"ரெண்டு மீட்டர் அகல பெல்ட்டுடா. ராத்திரி பகலா பாறையைத் தூக்கிட்டு ஓடினது. இது மேல பாட்டுப் பெட்டியை வெச்சா பூகம்பமே வந்தாலும் ஊசி நகராது" என்பார்.

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் நிஜமாகவே ஒரு நிலநடுக்கம் வந்தது. சென்னை வரைக்கும் மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆனால் அந்த ராத்திரி எங்கள் வீட்டில் பிளேயர் ஓடவில்லை. அதனால் தாத்தா சொன்னது சரியா தவறா என்பது தெரியாமலே போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில், பாட்டுப் பெட்டிக்கு அதிர்ச்சி என்பது எப்போதிலிருந்து ஒரு பிரச்சினை ஆனது? கிராமபோன் காலத்தில் அது பெரிய விஷயமே இல்லை. சாவி கொடுக்கும் கிராமபோனில் ஊசியும் அதன் மேலே இருக்கும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து 100 கிராமுக்கு மேல் தட்டின் மீது அழுத்தும். அந்த 78 சுற்றுத் தட்டின் ஊசிமுனையின் ஆரம் சுமார் 0.075 மி.மீ. பள்ளமும் அதற்கேற்ற அகலம். வண்டிப் பாதையில் மாட்டு வண்டிச் சக்கரம் போல அது தடம் விட்டு விலகாது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஊரெல்லாம் ஒலித்தது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். பிறகு வந்த கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பந்தலில், ஆடுகிற பெஞ்சில், நாலு பக்கமும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் பிளேயரை வைத்து ஓட்டினார்கள். ஊசி தாவினால் கையின் மேல் ஒரு எட்டணாவை வைப்பார்கள். தட்டு சீக்கிரம் தேயும் என்பது வேறு கதை. அன்றைக்கு பாட்டு நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

1948 ஜூனில் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி.யை அறிமுகப்படுத்தியதும் நிலைமை மாறியது. ஊசிமுனை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, 0.025 மி.மீ. அழுத்தம் ஆறேழு கிராமுக்கு இறங்கியது. பின்னாளில் இரண்டு கிராமுக்கும் கீழே போனது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்றிருந்தது இருபது நிமிடத்தைத் தாண்டியது. 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வர முடிந்ததே இதனால்தான். ஆனால் அதே சுப்ரபாதத்தை விடியற்காலையில், பக்கத்து அறையில் தண்ணீர்க் குடத்தை 'டங்' என்று இறக்கி வைக்கும் வீட்டில் போட்டால்...?

இதைவிட பெரிய அடி 1958-ஐ ஒட்டி வந்த ஸ்டீரியோ. இதை பலர் கவனிப்பதில்லை. மோனோ தட்டில் ஊசி இடம் வலமாக ஆடுவது மட்டும்தான் இசை; மேலும் கீழும் ஆடுவதை மோனோ பிக்கப் கண்டுகொள்ளாது. ஸ்டீரியோவில் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் தனித்தனியாக ஒலி இருப்பதால் ஊசி மேல் கீழ் அசைவையும் படித்தாக வேண்டும். நாம் நடக்கும்போது தரை எந்தப் பக்கம் அசைகிறது? மேலும் கீழும். ஆக, அதுவரை கேட்காத காலடிச் சத்தமும் மோட்டாரின் உறுமலும் ஸ்டீரியோ வந்ததும் ஸ்பீக்கரில் கேட்க ஆரம்பித்தன. போதாக்குறைக்கு, எல்.பி. பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதிவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அவற்றைத் தூக்கிவிடும். 20 ஹெர்ட்ஸில் இந்தத் தூக்கல், 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட 9 மடங்கு. பாட்டின் பேஸ் மட்டுமா தூக்கப்படும்? தரையின் அதிர்வும் சேர்ந்துதான்.

நம் ஊர் வசதியான வீடுகளில் இருந்த ரேடியோகிராம் இந்தச் சிக்கலுக்கு நல்ல உதாரணம். ரேடியோ, பிளேயர், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே மரப்பெட்டி. ஸ்பீக்கர் பெட்டியை அதிர வைக்கும், பெட்டி ஊசியை அதிர வைக்கும், ஊசி மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். சத்தத்தைக் கூட்டினால் 'ஊ...' என்று ஒரு ஊளை. இதற்காகத்தான் காரார்டு, பி.எஸ்.ஆர். போன்ற கம்பெனிகளின் பிளேயர்களை ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கவிட்டார்கள். லாரியில் வரும்போது ஆடாமலிருக்க அவற்றை ஸ்குரூ போட்டு இறுக்கி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்த வேண்டும். பழைய பெட்டி ஏதாவது கைக்குக் கிடைத்தால் முதலில் அந்த ஸ்குரூவைப் பாருங்கள்.

முழுத் தீர்வு வந்தது 1961-ல். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற அவருடைய கம்பெனியின் மூலம், ஒரு பிளேயரைக் கொண்டு வந்தார். பார்க்க மிக எளிமையானது, விலையும் குறைவு. சுழலும் தட்டையும் ஊசிக் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை மூன்று மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். மோட்டாரை மட்டும் தனியாக வெளிச் சட்டத்தில் வைத்து, ஒரு ரப்பர் பெல்ட் வழியே தட்டைச் சுற்ற வைத்தார். தரை ஆடினால் வெளிப்பெட்டி ஆடும். உள்ளே தட்டும் ஊசியும் சேர்ந்து அப்படியே நிற்கும். அப்படியே லேசாக அசைந்தாலும் இரண்டும் ஒன்றாக அசையும் என்பதால் ஊசிக்குத் தெரியாது. 1965-ல் தோரன்ஸ் டி.டி. 150, 1970-களில் ஸ்காட்லாந்தின் லின் எல்.பி. 12 என்று பின்னால் வந்த பல பிளேயர்கள் இதே வழியில் போனவை. ஜப்பானியர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள்: கனமான அடித்தளம், தடித்த ரப்பர் கால்கள், மோட்டாரின் அச்சிலேயே தட்டு. டிஸ்கோக்களில் புகழ்பெற்ற டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 அந்த வகை.

சரி, இப்போது நெய்வேலிக்கு வருவோம். இங்கே அதிர்வு என்பது ஊரோடு பிறந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1956-ல் நிறுவனம் தொடங்கியது, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார், 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது.

மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று. அதாவது விநாடிக்கு 50. இத்தனை டன் எஃகு இந்த வேகத்தில் சுற்றும்போது அந்த அதிர்வு கட்டடத்துக்குள் பரவினால் என்ன ஆவது? அதனால்தான் எந்த மின் நிலையத்திலும் டர்பைன் நிற்கும் கான்கிரீட் மேடையைச் சுற்றியுள்ள தரையோடு ஒட்டாமல், நாலு பக்கமும் இடைவெளி விட்டுத் தனி அஸ்திவாரத்தில் கட்டுவார்கள். ஒரே கூரைக்குள் இருக்கும், ஆனால் ஒன்றையொன்று தொடாது. வில்ச்சர் ஒரு சின்னப் பெட்டிக்குள் செய்ததும் இதே வேலைதான். அவர் மோட்டாரையும் ஊசியையும் பிரித்தார்; இங்கே டர்பைனையும் கட்டடத்தையும் பிரிக்கிறார்கள்.

சுரங்கம் வேறு மாதிரி. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண்ணும் வெறும் மண் அல்ல, கடலூர் மணற்கல். ஜெர்மன் நாட்டு சக்கர வாளி இயந்திரங்களை இங்கே கொண்டு வந்து இறக்கியபோது, அந்தக் கல் வாளியின் பற்களை வேகமாகத் தேய்த்தது. ஜெர்மனியில் அவை வெட்டிப் பழகியது மென்மையான மண்ணை. ஆகவே இங்கே முதலில் துளை போட்டு வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு, பிறகு இயந்திரம் வெட்டும். வெடி என்றால் நில அதிர்வு. சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களில் வீட்டுச் சுவர் விரிசல் பற்றிய புகார்கள் பல வருடங்களாகச் செய்திகளில் வந்தபடி இருக்கின்றன.

எவ்வளவு அதிர்ந்தால் அதிகம்? இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வெடிவைப்பில் அதிர்வை அளப்பது, மண் துகள் ஒரு கணத்தில் எட்டும் உச்ச வேகத்தைக் கொண்டு. 1971-ல் அமெரிக்கச் சுரங்கத் துறை, விநாடிக்கு 50 மி.மீ. வரை வீடுகளுக்கு ஆபத்தில்லை என்றது. 1980-ல் அதே துறை மறுபடி ஆராய்ந்து, குறைந்த அலைவெண்ணில் அதிர்ந்தால் பழைய பூச்சுச் சுவர்களுக்கு 12.7 மி.மீ.தான் பாதுகாப்பு என்று இறக்கியது. காரணம், சாதாரண வீடு என்பதே 4 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் தானாக ஆடும் இயல்புடையது. அந்த அலைவெண்ணில் தரை ஆடினால் வீடும் கூடச் சேர்ந்து ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல.

இந்தியாவில் 1997-ல் தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கையில் வரம்புகளை வகுத்தது. சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளுக்கு, அலைவெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் விநாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேலே 15 மி.மீ. வரலாற்றுச் சின்னங்களுக்கு இன்னும் கடுமை: 2, 5, 10. உரிமையாளருக்கே சொந்தமான, குறைந்த ஆயுள் கொண்ட வீடுகளுக்கு 10, 15, 25. இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். செங்கல் அதே செங்கல், சிமெண்ட் அதே சிமெண்ட். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, எத்தனை நாள் நிற்கப் போகிறது என்பதை வைத்து ஆட்டத்தின் அளவு கூடுகிறது. விரிசல் விட்டால் யார் வீடு, யார் செலவு என்ற கணக்கு அது. உள்ளே படுத்திருப்பவரின் தூக்கம் அதில் எந்தப் பத்தியிலும் இல்லை.

இப்போது இந்த எண்களை ஊசியின் அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். 10 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 10 மி.மீ. என்றால் தரை நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.16 மி.மீ. நகர்கிறது. சுவர் இதைத் தாங்கிவிடும், சட்டமும் அனுமதிக்கிறது. எல்.பி.யில் ஓரளவு உரத்த 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஊசி எவ்வளவு நகரும் தெரியுமா? ஏறக்குறைய 0.008 மி.மீ. இருபதில் ஒரு பங்கு! மனிதன் காலில் லேசாக உணரத் தொடங்கும் அதிர்வு விநாடிக்கு 0.3 மி.மீ. அளவில் இருக்கும். அது 10 ஹெர்ட்ஸில் 0.005 மி.மீ. ஆக, "ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்ததே, இல்லையோ?" என்று நாம் சந்தேகப்படும் அளவே, ஊசிக்கு ஒரு பாட்டுக்குச் சமமான ஆட்டம்.

10 ஹெர்ட்ஸ் என்று நான் சும்மா எடுக்கவில்லை. ஊசியின் நெகிழ்வும் கையின் எடையும் சேர்ந்து தானாக ஆடும் அலைவெண் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படிதான் பிளேயர்களை வடிவமைக்கிறார்கள். அதைவிட மெதுவான ஆட்டத்தில் கை தட்டோடு சேர்ந்து போய்விடும். அதைவிட வேகமானதில் கை நிற்கும், ஊசி மட்டும் ஆடும். சரியாக அந்த இடத்தில் என்றால் கை துள்ளும். வீடு ஆட விரும்பும் இடமும் ஊசிக் கை துள்ளும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. தூரம் போகப் போக மண் வேகமான அதிர்வுகளை விழுங்கிவிட்டு மெதுவானவற்றைத்தான் கடத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி தாத்தாவின் பெல்ட். ஒரு பொருளை ரப்பர் மேலோ ஸ்பிரிங் மேலோ வைத்தால் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்தே அதன் இயல்பு அலைவெண்ணைச் சொல்லிவிடலாம். அமுங்கிய அளவை சென்டிமீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 5-ஐ அதால் வகுக்க வேண்டும். 1 செ.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். 1 மி.மீ. அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ். இந்த அலைவெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேலே இருக்கும் அதிர்வுகள்தான் குறையும். அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது. சொல்லப்போனால் நடுவில் கூடவே செய்யும்.

எட்டு கிலோ பிளேயரை வைத்தால் கன்வேயர் பெல்ட் துண்டு அமுங்குவது கண்ணுக்கே தெரியவில்லை. தாராளமாக 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 50 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது 10 ஹெர்ட்ஸ் ஆட்டம் அப்படியே மேலே போகும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய உறுமல் குறைவதற்குப் பதில் கூடும். பாறையைத் தாங்கும் பலம்தான் இங்கே அதன் குற்றம். அம்மா கிரைண்டருக்குக் கீழே மடித்துப் போடும் கோணிச்சாக்கு இதைவிட மேல்!

இணையத்தில் இதற்கு ஆயிரம் வைத்தியம் கிடைக்கும். கூர்மையான இரும்பு ஆணிகளின் மேல் வைக்கச் சொல்வார்கள். ஆணி பெட்டியை ஆடாமல் நிறுத்தும், அதிர்வைத் தடுக்காது. அது ஒரு பாலம். வெளிநாட்டில் சுவரில் பலகை அடித்து பிளேயரை வைக்கச் சொல்வது, அங்கே தரை மரத்தில் இருப்பதால். நம் சிமெண்ட் தரை நேரே மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நடந்தால் அசையாது. நம் வீடுகளில் ஆடுவது பெரும்பாலும் ஸ்டூல். போன வருடம் வரை எங்கள் பிளேயரும் ஒரு கால் குட்டையான ஸ்டூலில்தான் இருந்தது. தம்பி ஓடி வந்தால் ஊசி இரண்டு வரி தாண்டிவிடும். அதை நகர்த்திச் சுவரில் பதித்த கடப்பாக் கல் அலமாரிக்குக் கொண்டு போனதும் அந்தத் தொல்லை போயே போச்சு.

பிறகு ஒரு சோதனை செய்தேன். ஒரு சின்ன சைக்கிள் டியூபில் கொஞ்சமாகக் காற்றடித்து அலமாரியில் வைத்து, அதன் மேலே ஒரு கடப்பாக் கல் துண்டு, அதன் மேல் பிளேயர். லேசாக அழுத்தி விட்டு போனில் ஸ்லோமோஷனில் எடுத்து எண்ணினேன். விநாடிக்கு மூன்றுக்குச் சற்று மேலே. கணக்குப்படி 10 ஹெர்ட்ஸ் அதிர்வு எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அலமாரிக் கல்லை விரலால் தட்டினேன். முன்பு 'தும் தும்' என்று ஸ்பீக்கரில் கேட்டது, இப்போது வால்யூமைக் கூட்டிக் காது கொடுத்தால்தான் கேட்கிறது. காற்று மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது, பம்ப் அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் இம்சை.

கேசட் வந்ததும் எங்கள் வீட்டில் பிளேயர் பரணுக்குப் போனதாம். டேப்புக்கு அதிர்வு பற்றிக் கவலை இல்லை. சி.டி. தாவும், ஆனால் நினைவகம் வைத்துச் சமாளித்தார்கள். இப்போது போனில் கேட்கும் பாட்டுக்கு ஊசியே கிடையாது. அதனால் இடைப்பட்ட முப்பது வருடத்தில் யாரும் தாத்தாவிடம் அந்த பெல்ட் சரியா என்று கேட்கவில்லை.

கணக்கு போட்ட தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தார். "அப்ப பெல்ட்டு வேஸ்ட்டுங்கற?" என்றார். "பெல்ட்டுல தப்பு இல்ல தாத்தா, பிளேயர் வெயிட்டு பத்தாது. ஒரு டன் வெச்சா அமுங்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய், அந்த நான்கு துண்டுகளையும் பீரோவின் கால்களுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னார். நான் பீரோவைத் தூக்கிப் பிடித்தேன்.